அம்பாசிடரும் என்ரை அரைகுறை பிரெஞ்சும்

எனக்கு விடுப்புக் கூட, மற்றவையின்ரை கதையை அறியாமல் இருக்கேலாது. இதை நான் ஒருத்தருக்கும் ஒளிக்கிறேல்லை. பஸ்ஸிலை பக்கத்திலை இருக்கிற ஆள் ஃபோனிலை ஆரோடையும் சண்டை பிடிச்சால், என்ரை ஸ்ரொப்பை விட்டிட்டு, சண்டை முடிஞ்ச பிறகு இறங்கி நடந்து வந்த ஆள் நான்.

நான் வேலை செய்யிற அரசாங்கக் கந்தோரிலை மேல் பதவி ஒண்டு வந்திது. அதுக்கு பிரெஞ்சிலை வாய்ச்சோதனை பாஸ் பண்ண வேணும். என்னோடை வேலை செய்யிற பிரெஞ்சுக்காரி ஒருத்தி, “என்ரை அப்பா இஞ்சை தனியத்தான் இருக்கிறார். சனிக்கிழமையளிலை போய் அவரோடை கதையுங்கோ” எண்டாள். அப்பா ஆரெண்டு கேட்டன். முந்தி பிரெஞ்சு அம்பாசிடர், பிறகு பாரிசிலை பாராளுமன்ற உறுப்பினர் எண்டாள். அதோடை எனக்குச் சோதனை மறந்து போச்சு. ஒரு அம்பாசிடர் காலமை எழும்பி என்னதான் செய்யிறவர்? இது தெரியாமல் எப்பிடி இருக்கிறது?

நான் இருக்கிற அஜின்கோர்ட்டிலையிருந்து பஸ்ஸும் சப்வேயும் மாறி, அவர் இருக்கிற சென் ஜேம்ஸ் ரவுணுக்குப் போவன். “உமக்குப் படிப்பே? வாய் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் போறீர்” எண்டு என்ரை மனுசன் பகிடி பண்ணுவார். அவர் சொன்னதிலை பிழையில்லை.

பழைய மாடிக் கட்டடத்திலை சின்ன வீடு. வீட்டுக்குள்ளையும் கிழவர் கழுத்திலை ரை கட்டிக்கொண்டுதான் இருப்பார். என்னட்டை இருந்த பிரெஞ்சு, மூண்டு வயசுப் பிள்ளையின்ரை பிரெஞ்சு. ஆர், என்ன, ஏன், எங்கை. அதை வைச்சுக்கொண்டு முதல் கேள்வியே, காலமையிலை என்ன செய்வீங்கள் எண்டதுதான். “பேப்பர் வாசிப்பன். பிறகு பேப்பரிலை வராததை எழுதிப் பாரிசுக்கு அனுப்புவன்” எண்டார். விருந்துகளிலை என்ன செய்வீங்கள்? “தாறதைத் தின்னுறது, ருசியில்லாட்டில் இன்னும் கொஞ்சம் கேட்டுத் தின்னுறது.” நான் விழுந்து விழுந்து சிரிச்சன்.

ஆனால் வில்லங்கமான கேள்வி வந்தால் மனுசன் சுத்தி வளைக்கத் துவங்கிவிடுவார். ரெண்டாம் எலெக்சனிலை ஏன் தோத்தனீங்கள் எண்டு கேட்டதுக்கு ஒரு பிரசங்கமே நடந்திது. எனக்கு ஒரு சொல்லும் விளங்கேல்லை. “எனக்கு விளங்கேல்லை, சின்னனாய்ச் சொல்லுங்கோ” எண்டன். “சனத்துக்கு என்னைப் பிடிக்கேல்லை” எண்டார். சொன்ன பிறகு அவருக்கே சிரிப்பு வந்திட்டுது. வாழ்நாள் முழுக்க ஆரும் தன்னை இப்பிடி மடக்கினதில்லையாம். நான் மடக்கேல்லை, எனக்கு உண்மையாய் விளங்கேல்லை.

ஒரு சனிக்கிழமை, அவர் கடைசியாய் இருந்த எம்பசியைப் பற்றிக் கேட்டன். அந்த நாட்டிலை சண்டை தலைநகருக்குள்ளை வந்த நேரம் அது. நிலைமை, பாதுகாப்பு, தவிர்க்கேலாமை எண்டு நீட்டிக்கொண்டு போனார். நான் இடையிலை பூந்து, “எம்பசிக் கேற்றை ஆர் பூட்டினது?” எண்டு கேட்டன்.

“நான்.”

“பூட்டச் சொல்லிப் பாரிசிலையிருந்து ஓடர் வந்ததோ?”

“வந்தது. ஆனால் பூட்டுத் திறப்பு என்னட்டைத்தான் இருந்தது.”

எனக்குக் கோவம் வந்திட்டுது. கொழும்பிலை எம்பசி வாசல்களிலை விடியமுதல் போய்க் கியூவிலை நிண்ட ஆள் நான். வெளியாலை நிக்கிறவையின்ரை பாடு எனக்கு வடிவாய்த் தெரியும். உள்ளுக்கை இருந்தவை அந்த நேரம் என்ன செய்து கொண்டிருந்தவை எண்டதுதான் இவ்வளவு காலமும் எனக்குத் தெரியாது. அதையே கேட்டன்.

“யன்னலாலை பாத்துக்கொண்டு நிண்டனான்” எண்டார்.

பிறகுதான், எனக்கு விளங்கிற சின்னச் சின்னச் சொல்லிலை, முழுக்கதையும் வந்திது. அவருக்குக் கார் ஓட ஒரு றைவர் இருந்தவன், அந்த நாட்டு ஆள். பிரெஞ்சுக் குடும்பங்களை எயார்போட்டிலை விட்டிட்டு வா எண்டு அவனை அனுப்பினவர். திரும்பி வர றோட்டு இல்லாமல், அவனும் அந்தப் பிளேனிலையே ஏற வேண்டி வந்திட்டுது. அவன்ரை மனுசிக்கு என்ன நடந்தது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. அப்ப அவன் போன் எடுத்துக் கேட்டதுக்கு, உன்ரை மனுசியை நான் காணேல்லை எண்டு இவர் சொல்லிவிட்டார். இப்ப அந்த றைவர் இஞ்சை வோபர்னிலைதான் இருக்கிறான். இவர் இஞ்சை இருக்கிறதைக் கேள்விப்பட்டு, நேரை வந்து ஒரு கேள்வி கேக்க வேணும் எண்டு போன் அடிச்சுக்கொண்டே இருக்கிறானாம். இவர் ஏலாது எண்டும் சொல்லேல்லை, வா எண்டும் சொல்லேல்லை.

“வரச் சொல்லுங்கோ” எண்டன்.

“நீங்களும் இருக்க வேணும். நீங்கள் இருந்தால் என்னாலை சுத்தி வளைக்கேலாது.”

இடையிலை என்ரை சோதனையும் வந்து போச்சு. பெயில். அண்டைக்கு அதுகூட எனக்குப் பெரிசாய்ப் படேல்லை, இவர் அந்த மனுசனுக்கு உண்மையைச் சொல்லுவாரோ மாட்டாரோ எண்ட யோசினைதான் நாள் முழுக்க.

அடுத்த சனிக்கிழமை றைவர் வந்தார். தலை நரைச்ச மனுசன், நல்லாய் அயன் பண்ணின சேட். கதிரையின்ரை நுனியிலை இருந்தார். ரெண்டு பேரும் கை குடுத்திச்சினம், காலநிலையைப் பற்றிக் கதைச்சிச்சினம். நான் கோப்பி ஊத்திக் குடுத்தன், றைவர் தொடேல்லை.

“ஐயா, அண்டைக்கு என்ரை மனுசி கேற்றடிக்கு வந்தவளோ?”

அம்பாசிடர் ரையைச் சரிபண்ணினார். அந்த நாளின்ரை சூழ்நிலையை முதலிலை விளங்கிக்கொள்ள வேணும் எண்டு துவங்கினார். நான் வாய் திறக்கக்கூடாத இடம் எண்டு தெரியும். எண்டாலும் திறந்தன்.

“எனக்கு விளங்கேல்லை” எண்டன்.

அவர் என்னைப் பாத்தார். பிறகு றைவரைப் பாத்தார்.

“வந்தவ. நான் மேல் யன்னலாலை கண்டனான். ஒரு பெட்டியை வைச்சு அதுக்கு மேலை இருந்தவ. இருட்டுப்படுமட்டும் இருந்தவ. கத்தேல்லை, கேற்றிலை தட்டேல்லை. நானும் திறக்கேல்லை.”

றைவர் கோப்பிக் கோப்பையைத் தள்ளி வைச்சார்.

“தட்டவே இல்லையோ?”

“இல்லை.”

“தட்டாதை, உன்னைக் கண்டால் ஐயா தானே வந்து திறப்பார் எண்டு, வெளிக்கிடமுதல் நான்தான் அவளுக்குச் சொல்லி விட்டனான்” எண்டார்.