மாசா மாசம் தொட்டி கழுவுகிறவன்

என் கடைசித் தம்பிக்கு ‘வால்வு’ என்று ஒரு பெயர் இருப்பது, அவனுக்குக் கல்யாணமாகிக் குழந்தையும் பிறந்த பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. அவன் வீட்டுக்கு நான் வந்திருந்த சமயம். வாசலில் ஒருத்தர் வந்து நின்று, “வால்வு இருக்காரா?” என்றார். “அதெல்லாம் கடைத்தெருவுல போய்க் கேளுங்க, இது வீடு” என்று கதவைச் சாத்தப்போனேன். உள்ளேயிருந்து முகமெல்லாம் சோப்பு நுரையோடு ஓடிவந்தான். “அக்கா, சாத்தாதே! அது நான்தான்!”

“அப்பா வெச்ச பேரு என்னடா ஆச்சு?”

“அது பள்ளிக்கூடத்தோட நின்னுபோச்சுக்கா. இப்ப அந்தப் பேரைச் சொல்லி யாராவது கூப்பிட்டா நானே திரும்பிப் பார்க்கிறதில்லை.”

நாங்கள் ஏழு பேர். நான் மூத்தவள், அவன் கடைசி. அவன் பிறந்தபோது எனக்கே இடுப்பில் ஒரு பிள்ளை. ஒரு பக்கம் மகன், மறுபக்கம் தம்பி என்று தூக்கித் திரிந்திருக்கிறேன். இப்போது என் பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில். நான் தம்பி வீட்டுக் கீழறையில் இருக்கிறேன்.

குழாய் வேலை செய்கிறவன் அவன். யார் வீட்டுக்குப் போனாலும் நேரே கழிவறைக்குப் போவான். ஒருமுறை தண்ணீரை இழுத்துவிட்டு, தலையைச் சாய்த்து, மறுபடி தண்ணீர் நிரம்பி நிற்கிற சத்தத்தைக் கடைசிவரை கேட்பான். அதன் பிறகுதான் வெளியே வந்து, “நல்லா இருக்கீங்களா?” என்று வீட்டுக்காரர்களை விசாரிப்பான். சாவு வீட்டிலும் இதே கதைதான். எங்கள் பெரியப்பா போனபோது எல்லாரும் அழுதுகொண்டிருக்க, இவனைக் காணோம். தேடினால் சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருக்கிறான். “சொட்டு சொட்டுன்னு விழுந்துக்கிட்டே இருந்தா மனுஷன் எப்படிக்கா நிம்மதியா அழுவான்?” துக்கம் கேட்க வந்தவர்களில் இரண்டு பேர் தங்கள் வீட்டுக்கும் வரச் சொல்லி விலாசம் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

மனுஷ உடம்பும் அவனுக்குக் குழாய்தான். மூக்கு ஒழுகினால் ‘கசிவு’. ஏப்பம் வந்தால் ‘லைன்ல காத்து ஏறிடுச்சு’. எனக்கு முழங்கால் வலி என்றால், “வாஷர் தேஞ்சிருக்கும், வேற ஒண்ணும் இல்லை” என்பான். ஆஸ்பத்திரியில் பணம் கட்டிப் பார்த்தபோது அவர்களும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார்கள் என்பது வேறு விஷயம்.

இப்படிப்பட்டவனுக்கு ஒரே மகள். பதினைந்து வயசு. பள்ளிக்கூடத்துக் கால்பந்து அணியில் கோல் காக்கிறவள். அவளை ‘மேடம்’ என்றுதான் கூப்பிடுவான். அவளும் மேடம் மாதிரிதான் பதில் சொல்வாள்.

மேடத்துக்கு மாதவிடாய் வரும் முதல் நாள் வயிறு பொல்லாத வயிறாகிவிடும். அடிவயிற்றைச் சுருட்டிப் பிடித்து இழுக்கும், கூடவே வயிற்றுப்போக்கு. கட்டிலுக்கும் கழிவறைக்குமாக நடந்து ஓய்ந்து சுருண்டுவிடுவாள். இது எங்கள் வம்சத்து வயிறு. அப்பாவின் இரண்டாவது தங்கைக்கு இருந்தது. எனக்கு நேர் இளையவளுக்கு இருந்தது, அவள் மகளுக்கும் இருந்தது. எனக்கு மட்டும் தப்பிவிட்டது. அந்தக் கோபத்தில் என் தங்கை, தன் பேரப்பிள்ளையின் பிறந்தநாளன்றுகூட, “உனக்கென்ன, கல்லு வயிறு!” என்று என்னைத் திட்டினாள்.

வீட்டில் பெண்கள் மூன்று பேருக்கும் விஷயம் தெரியும். தெரியாதவன் வால்வு ஒருத்தன்தான். “அப்பாகிட்ட சொன்னீங்க, அவ்வளவுதான் அத்தை, உங்ககூடப் பேசவே மாட்டேன்” என்று மகள் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

அவன் கண்ணில் பட்டதெல்லாம், மகளுக்கு மாதம் ஒரு தடவை வயிறு கெடுகிறது என்பதுதான். வயிறு கெட்டால் காரணம் தண்ணீர். தண்ணீர் கெட்டால் காரணம் தொட்டி. உடனே மொட்டை மாடிக்கு ஏறி, கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கி, பிளீச்சிங் பவுடரைப் போட்டுத் தேய் தேய் என்று தேய்ப்பான். இரண்டு நாளில் மகளுக்குச் சரியாகிவிடும். “பாத்தியாக்கா? தொட்டிதான்!” என்று நெஞ்சை நிமிர்த்துவான். அடுத்த மாதம் மறுபடி வயிறு, மறுபடி தொட்டி, மறுபடி வெற்றி.

அவன் மனைவி ஒரு பெரிய ஹோட்டலில் துணி வெளுக்கும் இடத்தில் வேலை பார்க்கிறாள். ஆளைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது, நீயாவது சொல்லிவிடேன் என்று அவளிடம் சொல்லிப் பார்த்தேன். “இருக்கட்டும் அண்ணி. ஊர்த் தொட்டியெல்லாம் கழுவுவாரு, நம்ம தொட்டியில போன வருஷம் தவளை குடித்தனம் பண்ணுச்சு. இப்பத்தான் தண்ணி தண்ணி மாதிரி இருக்கு” என்றாள்.

தொட்டியோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. அடுத்து வடிகட்டியை மாற்றினான். மாடி வீட்டுக்காரரின் கழிவுக்குழாய் கசிகிறது என்று அவரோடு மல்லுக்கு நின்றான். கடைசியில் பள்ளிக்கூட வாசலில் தின்பண்டம் விற்கிற அம்மாளிடம் போய், “என்ன எண்ணெய்ல பொரிக்கிறீங்க? எம் பொண்ணுக்கு வயித்தால போகுது!” என்று ஊர் கேட்கக் கேட்டுவிட்டு வந்தான். பள்ளிக்கூடம் விடுகிற நேரம். மகள் ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. “நியாயத்தைக் கேட்டாலும் தப்பா?” என்று என்னிடம் வந்து புலம்பினான்.

போட்டி வந்தது. வேறு ஊர் மைதானத்தில், பெரிய போட்டி. மகள் இரண்டு வருஷமாகக் காத்திருந்தது. ஒருநாள் சாயங்காலம் அவள் சமையலறைக்கு வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து, முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

“நான் போகலை அத்தை. காய்ச்சல்னு சொல்லிடப்போறேன்.”

“ஏன்டீ?”

“அன்னைக்குத்தான் பீரியட்ஸ் வரும். முதல் நாள் எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாதா? வலியைக்கூட எப்படியாவது தாங்கிடுவேன். அந்த மைதானத்து டாய்லெட்ல தாழ்ப்பாளே கிடையாது. வெளியில ஒருத்தி நின்னு கதவைப் பிடிச்சுக்கணும். தண்ணியும் வராது. போன தடவை அதுக்குப் பயந்தே நாள் முழுக்கப் பச்சைத் தண்ணி குடிக்காம இருந்து, மயக்கம் வந்து விழுந்தேன். இந்தத் தடவை அதுவும் சேர்ந்தா...”

‘ணங்’ என்று ஒரு சத்தம். “ஆ!” என்று இன்னொரு சத்தம்.

பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்ததை நாங்கள் இரண்டு பேருமே கவனிக்கவில்லை. அந்த வீட்டில் ஏதாவது ஒரு குழாய்க்குக் கீழே அந்தக் கால்கள் எப்போதும் கிடக்கும். நாற்காலியைக் கவனிக்கிறோமா என்ன? ஸ்பானர் நழுவி அவன் நெற்றியில் விழுந்திருக்கிறது. மகள் எழுந்து ஓடவும் முடியாமல், இருக்கவும் முடியாமல், முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது:

“மரக் கதவா, இரும்புக் கதவா?”

மகள் கையை எடுக்காமலே, “இரும்பு” என்றாள்.

“ம். அப்போ தொட்டி?”

“தொட்டிக்கு ஒண்ணும் இல்லைடா” என்றேன் நான்.

“அந்தத் தின்பண்டக்கார அம்மா?”

“அவங்களுக்கும் ஒண்ணும் இல்லை.”

கால்கள் இரண்டும் மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டன. அன்று அவன் வெளியே வர வெகுநேரம் ஆயிற்று.

மறுநாள் மகளை டாக்டரம்மாவிடம் அழைத்துக்கொண்டு போனான். துணைக்கு நானும் போனேன். டாக்டரம்மா முதலில் அவன் நெற்றியைத்தான் பார்த்தார். இவனுக்கு இல்லை என்று புரியவைத்து உட்கார்ந்தோம். மகள் எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டரம்மா சிரித்த முகமாக, “இது நிறையப் பேருக்கு இருக்கும்மா. அந்த நேரத்துல கர்ப்பப்பையைப் பிழியுறதுக்குன்னு உடம்புல ஒண்ணு சுரக்கும். அது கூடுதலாச்சுன்னா பக்கத்துல இருக்கிற குடலையும் சேர்த்துப் பிழிஞ்சிடும்” என்றார்.

வால்வு நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டான். “பக்கத்து வீட்டு மோட்டார் ஓடினா நம்ம வீட்டுக் குழாய் அதிருமே, அந்த மாதிரிங்களா?”

“கிட்டத்தட்ட அப்படித்தான்.”

“அப்பா!” என்றாள் மகள், பல்லைக் கடித்துக்கொண்டு.

வலி தொடங்கும்போதே, வெறும் வயிற்றில் இல்லாமல், சாப்பிட்டுவிட்டுப் போட ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அடிவயிற்றில் வெந்நீர்ப் பை வைக்கலாம். அன்றைக்குப் பால், காப்பி, எண்ணெய்ப் பண்டம் வேண்டாம். குழைந்த சோறும் வாழைப்பழமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடலாம் என்றார். “தண்ணியை மட்டும் நிறுத்தவே கூடாது. போறதுக்கு ஈடா உள்ள போகணும். உப்பு சர்க்கரைத் தண்ணி பாக்கெட்டு வாங்கி வெச்சுக்கோ. ரத்தம் கலந்து போனாலோ, காய்ச்சல் வந்தாலோ, மாத்திரைக்கும் வலி அடங்கலைன்னாலோ உடனே வந்துடணும்.” திரும்பும் வழியிலேயே வெந்நீர்ப் பை வாங்கினான். வீட்டுக்கு வந்து அதைத் தலைகீழாகப் பிடித்துச் சோதித்து, மூடியின் திருகில் குழாய்க்குச் சுற்றுகிற வெள்ளை டேப்பைச் சுற்றினான். “இனி இது கசியவே கசியாது.” கசியவில்லை. திறக்கவும் வரவில்லை. டேப்பைப் பிரித்த பிறகுதான் தண்ணீர் ஊற்ற முடிந்தது.

மைதானத்துக்கு வந்து தாழ்ப்பாள் போட்டுத் தருவதாகச் சொன்னான். மகள் ஒரு நிபந்தனை வைத்தாள். “அங்கே நீங்க எனக்கு அப்பா இல்லை. என்னைப் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது, ‘வயிறு’ங்கிற வார்த்தையே வாயில வரக் கூடாது.”

“சரி மேடம்.”

போட்டி நாள் காலையில், அணியின் பஸ் வருவதற்கு முன்னால் நாங்கள் போய்ச் சேர்ந்தோம். அவன் வண்டி ஓட்ட, பின்னால் நான், என் மடியில் கருவிப்பை. வாசலில் காவலாளி மறித்தார். “யார் சொல்லி வந்தே?”

“உங்க கதவுதான் சொல்லுச்சு” என்றான்.

நல்லவேளை, காவலாளி அறையிலும் ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அதை முதலில் நிறுத்திக் கொடுத்தான். கழிவறைச் சாவி தானாக வந்தது. தண்ணீர் வரவைத்தான். கதவுக்குள்ளே பை மாட்ட ஒரு கொக்கி அடித்தான். மூடி போட்ட குப்பைக் கூடை ஒன்றை வைத்தான். இரும்புத் தாழ்ப்பாளைப் பொருத்தித் திருகாணியை முறுக்கிவிட்டு, “அக்கா, உள்ள போய்த் தாழ் போடு. நான் இடிச்சுப் பார்க்கிறேன்” என்றான். போட்டேன். தோளால் இடித்தான். கதவு அசையவில்லை.

“திறக்குதா?”

“இல்லைடா. ஆனா இப்ப எனக்கும் திறக்க வரலை.”

என்னை வெளியே எடுப்பதற்குள் பஸ் வந்துவிட்டது. அணியின் பெண்கள் வரிசையாக இறங்கி வேடிக்கை பார்க்க, நான் ஜன்னல் வழியாகக் கையை மட்டும் நீட்டி எண்ணெய்க் குப்பியை வாங்கினேன். தாழுக்கு எண்ணெய் விட்ட பிறகுதான் கதவு திறந்தது. மகள் எங்கள் இரண்டு பேரையும் முன்பின் தெரியாதவர்களைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுப் போனாள்.

போட்டி தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் அவளுக்கு வலி தொடங்கியது. மாத்திரை போட்டுக்கொண்டாள். முகம் வெளுத்திருந்தது, ஆனால் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் தண்ணீர்ப் புட்டி இருந்தது, நடுநடுவே எடுத்துக் குடித்தாள். இடைவேளையில் நேரே அந்தக் கதவுக்குப் போனாள். தாழ் விழுந்த சத்தம் எனக்கே கேட்டது. வால்வு சுவரோரம் முதுகைக் காட்டி நின்று, தலையைச் சாய்த்து, உள்ளே தண்ணீர் இழுத்துவிட்டு நிரம்புகிற சத்தத்தைக் கடைசிவரை கேட்டான். அவள் வெளியே வந்தாள். அவனைக் கடக்கும்போது நடையை நிறுத்தாமலே, “அண்ணே, தண்ணி நல்லா வருது” என்றாள்.

“சரிங்க மேடம்” என்றான் சுவரைப் பார்த்து.

ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றார்கள். கடைசி விசில்வரை அவள் கம்பத்தை விட்டு நகரவில்லை. வீடு திரும்பும் வழியில் ஆட்டத்தைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. “எதிர் அணிப் பொண்ணுங்களும் அங்கதான் வரிசையில நின்னாங்க, பாத்தியாக்கா?” என்று மட்டும் திரும்பித் திரும்பிக் கேட்டான்.

இன்று காலையில் மகளுக்கு மறுபடி முதல் நாள். மாத்திரை போட்டு, வெந்நீர்ப் பையைக் கட்டிக்கொண்டு படுத்திருக்கிறாள். வால்வு வீட்டிலுள்ள வாளி, குடம், அண்டா எல்லாவற்றிலும் அவளுக்கென்று தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு, பிளீச்சிங் பவுடரை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினான்.

“இப்ப எதுக்குடா? அதான் தொட்டி இல்லைன்னு தெரிஞ்சுபோச்சே!”

“தெரியும்க்கா. அவ அங்க சுருண்டு கிடக்கா. நான் கையை வெச்சுக்கிட்டு என்ன பண்றது?”

தேய்க்கிற சத்தம் குழாய் வழியாக மகளின் அறைக்கு இறங்குகிறது. அவள் கஞ்சிக் கரண்டியால் குழாயை இரண்டு தட்டு தட்டினாள். மேலே சத்தம் நின்றது. இரண்டு தட்டு பதிலுக்கு வந்தது. பிறகு மறுபடி தேய்ப்பு.

வாசலில் ஒருத்தர் வந்து, “வால்வு இருக்காரா?” என்கிறார். இருக்கிறான். மொட்டை மாடியில், தொட்டிக்குள்.