மூலைகள் உள்ள யானை

சித்தப்பா மட்கா ஆடுகிறார் என்ற சந்தேகம் முதலில் அப்பாவுக்கு வந்ததா, எனக்கு வந்ததா என்று இப்போது சொல்ல முடியவில்லை. மாநிலத்துக்குக் கர்நாடகா என்று பெயர் வைத்துப் பத்து வருஷம் ஆகியிருக்கும். மைசூரில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். எண்ணைச் சொல்லிப் பணம் கட்டும் அந்தச் சூதாட்டத்தால் எங்கள் வரிசையிலேயே இரண்டு வீடுகளில் பித்தளைப் பாத்திரம்கூட மிஞ்சவில்லை. அதனால் யார் கையிலாவது எண் எழுதிய துண்டுக் காகிதத்தைப் பார்த்தாலே அப்பாவுக்கு முகம் மாறிவிடும்.

சித்தப்பாவிடம் துண்டுக் காகிதம் இல்லை, கட்டுக் கட்டாகவே இருந்தது. டி.வி. ரிப்பேர் கடையில் வேலை. அந்த வருஷம் நவராத்திரி சமயத்தில், கடையிலிருந்து வந்ததும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கிராப் தாளில் கட்டம் கட்டமாகப் பென்சிலால் கறுப்பாக்குவார். ஓரத்தில் 60, 126, 255 என்று எழுதுவார். அழிப்பார். மறுபடி எழுதுவார்.

"உள்ள என்னடா எழுதறான்? பார்த்துட்டு வந்து சொல்லு" என்று அப்பா என்னை அனுப்பினார். பத்து வயதில் எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் அது.

சித்தப்பா என்னைக் கண்டு எதையும் ஒளிக்கவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

"வா மரி, இங்க நில்லு" என்று தாளைச் சுவரில் சாய்த்துவைத்தார். மரி என்றால் கன்னடத்தில் குட்டி; என்னை அப்படித்தான் கூப்பிடுவார். "கண்ணைக் கொஞ்சம் சுருக்கு. என்ன தெரியுது, நோடு, நல்லா பாரு."

சுருக்கினேன். அம்பாரி சுமந்த தசரா யானை நின்றது. ஆனால் காதெல்லாம் மூலை. தும்பிக்கை படிக்கட்டு மாதிரி இறங்கியது.

"யானைக்கு எங்கயாவது மூலை இருக்குமா, சித்தப்பா?"

"டி.வி.யில ஓடப்போற ஆட்டம்டா இது. கட்டத்தை நிரப்பலாம், இல்லேன்னா விடலாம், அவ்ளோதான். வளைக்க வழியே இல்ல. கம்ப்யூட்டர் மிஷினுக்கு யானையும் தெரியாது, பூனையும் தெரியாது. எண்ணு ஒண்ணுதான் தெரியும். எட்டுக் கட்டத்துக்கு ஒரு எண்ணு."

திங்கட்கிழமை பெங்களூரில் ஒருவரிடம் இதைக் காட்டப்போவதாகவும், அவருக்குப் பிடித்துவிட்டால் அங்கேயே வேலை என்றும் சொன்னார். சொல்லும்போது அவர் கை தாளைத் தடவிக்கொண்டே இருந்தது.

நான் நம்பவில்லை. யோக்கியமான யானை உருண்டையாகத்தான் இருக்கும். எண்ணை மறைக்கவே யானையை நிறுத்தியிருக்கிறார் என்று முடிவு கட்டி, ஞாயிறு சாயங்காலம் அவர் முகம் கழுவப் போன நேரத்தில் அத்தனை தாள்களையும் அள்ளிக்கொண்டு போய் அப்பாவிடம் கொடுத்தேன்.

அப்பா கத்தவில்லை. சாமுண்டித் தாயின் படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றினார். ஈர முகத்தோடு ஓடி வந்த சித்தப்பா, "நான் சத்தியம் பண்றேன் அண்ணா" என்று சுடரை அணைக்கக் கை நீட்டினார்.

"நீ பண்ணுவே. மட்கா ஆடறவன் எவன் பண்ணல? குழந்தை சொல்லட்டும்." அப்பா என் பக்கம் திரும்பினார். "கற்பூரம் எரியுது. பொய் சொல்லக் கூடாது. இதுல எண்ணு இருக்கா, இல்லையா?"

"இருக்குப்பா."

"மரி, இன்னும் என்ன பார்த்தே? அதையும் சொல்லேன்டா!"

"சும்னே இரு நீ" என்று அப்பா அவரை அடக்கினார்.

நான் வாய் திறக்கவில்லை. அப்பா எண்ணைப் பற்றித்தானே கேட்டார்? தாள்கள் வெந்நீர் அடுப்புக்குள் போயின. யாரும் குளிக்காமலே அன்று அண்டா தண்ணீர் கொதித்தது. இன்றைக்கும் தாயின் முன்னால் கற்பூரம் காட்டும்போது முகத்தை நேராகப் பார்க்க எனக்குக் கூச்சம்தான்.

அன்றைக்கு அந்தக் கூச்சம் இல்லை. மறுநாள் காலை, காட்ட ஒன்றுமில்லாத பையைத் தோளில் போட்டுக்கொண்டு சித்தப்பா பெங்களூர் ரயிலுக்குக் கிளம்பினார். சாமி முன்னால் ஒரு பொய்யும் சொல்லாத பிள்ளை நான். விபூதி பூசிக்கொண்டு வாசலில் நின்று, அவர் திருப்பம் தாண்டும்வரை கையாட்டினேன். ஒருமுறை திரும்பிப் பார்த்தவர் ஏன் பதிலுக்குக் கையாட்டவில்லை என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லை.