நாலு கால் மேனேஜர்

அறுபத்தெட்டாவது வயதில் மேனேஜருக்கு நான்கு கால்கள் கிடைத்தன. காலை ஏழு மணிக்கு அவற்றின்மேல் ஏறி உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, கைப்பிடியை முன்னால் தள்ளி, "கெளம்பு" என்கிறார். இயந்திரம் கிளம்புகிறது. ஆனால் அவர் மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டிய பிறகுதான்.

ஆளைச் சுமந்து நடக்கும் இயந்திரம் அது. எருமைக்கன்று உயரம், முதுகில் ஓர் இருக்கை, சப்சப்பென்று தரையில் விழும் ரப்பர் பாதங்கள். ஓய்வு பெற்று, முட்டியும் தேய்ந்துபோன அப்பாவுக்கு மகள் வாங்கிக் கொடுத்தது. தெருவில் அதற்கு நடைவண்டி என்று பெயர். அவர் மட்டும் 'வாகனம்' என்பார்.

வந்த முதல் வாரமே வாகனத்தோடு மருந்துக்கடைக் கண்ணாடிக் கதவுக்குள் புகுந்துவிட்டார். மறுநாள் அவர் மதியத் தூக்கத்தில் இருந்தபோது மேனேஜரம்மா மெக்கானிக்கை வரவழைத்தார்.

"கைப்பிடி ஒயரைக் கழட்டிட்டேம்மா. சார் சும்மா ஆட்டிக்கிட்டிருக்கட்டும்" என்று சட்டைப் பொத்தான் அளவில் ஒரு வில்லையை நீட்டினார் மெக்கானிக். "இது யார்கிட்ட இருக்கோ, அவங்க பின்னாலயே வரும்."

வில்லை அம்மாவின் பச்சைத் தோள்பைக்குள் போயிற்று. அன்றிலிருந்து மேனேஜர் பிரமாதமாக ஓட்டுகிறார்.

அம்மா காய்கறிக் கடையில் நின்றால் இயந்திரமும் நிற்கும். "நிறுத்தலாம்னு நினைச்சேன், நின்னுடுச்சு பாத்தியா? மனசைப் படிக்குது" என்பார் கடைக்காரரிடம். ஒருநாள் திடீர் மழை. அம்மா முந்தானையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஓட, இயந்திரமும் ஓடியது. இருக்கையைக் கட்டிப்பிடித்தபடி வந்து சேர்ந்தவர், மூச்சிரைக்க, "நான்தான் கொஞ்சம் வேகத்தைக் கூட்டினேன்" என்றார்.

"எப்பவும் அக்காவையே முன்னால விடறீங்களே சார்?" கடைக்காரர் விடவில்லை.

"அவளுக்கும் வழி தெரியணும்ல. நாளைக்கு நான் இல்லன்னா?"

அவருக்குக் கீழே பல வருடம் குப்பை கொட்டிய குமாஸ்தாவுக்கு இதில் ஆச்சரியமே இல்லை. "ஆபீஸ்லயும் இதே கதைதான். ஃபைல் அதுபாட்டுக்கு நகரும். சார் கையைக் காட்டுவார்."

இப்போது குடியிருப்போர் சங்கச் செயலாளர் கெடு வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னிலையிலும் ஓட்டிக் காட்ட வேண்டும். கட்டுக்கு அடங்கவில்லையென்றால் வண்டி வளாகத்தை விட்டு வெளியேற வேண்டும். வண்டி போனால் மேனேஜருக்குத் தெருவும் போச்சு, மிஞ்சுவது ஜன்னல்தான். அவரோ, "காட்டறதென்ன, உங்களுக்கே ஓட்டச் சொல்லித் தரேன்" என்று மீசையைத் தடவிவிட்டு வந்துவிட்டார்.

மகளுக்குப் பிரசவ நேரம். அம்மாவுக்குச் சனிக்கிழமை காலை ரயில். ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கு முன்னால் நடக்க ஆள் இல்லை. உண்மையைச் சொன்னால் மனுஷன் அப்புறம் அதில் ஏறவே மாட்டார். ரகசியமாக வேறு யாரிடமாவது வில்லையைக் கொடுக்கலாமென்றால், அரை மணியில் விஷயம் எல்லா மாடியும் ஏறி இறங்கிவிடும்.

"ஏங்க, ஞாயித்துக்கிழமை மட்டும்..." என்று வெள்ளிக்கிழமை இரண்டு தரம் ஆரம்பித்துப் பார்த்தார்.

"நீ உன் ஜோலியைப் பாரு. நாப்பது பேரை மேய்ச்சவன் நான்."

சனிக்கிழமை பெட்டி வாசலுக்கு வந்துவிட்டது. மேனேஜர் விரித்த செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார். அங்கிருந்து ஒரு கை மட்டும் நீண்டது.

"அந்தப் பச்சைப் பையை வச்சுட்டுப் போ."

"எதுக்குங்க?"

"வாட்ச்மேனுக்கு. நாளைக்கு எனக்கு முன்னால நடக்கச் சொல்லியிருக்கேன். வெறுங்கையோட நடந்தா நல்லாவா இருக்கும்?"

அம்மா பையைத் திறந்து வில்லை உள்ளே இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு பர்ஸையும் டிக்கெட்டையும் வெளியே எடுத்துக்கொண்டு, பையைத் தோளிலிருந்து கழற்றி, நீண்டிருந்த கையில் மாட்டினார். கை பையோடு உள்ளே போயிற்று. செய்தித்தாள் இறங்கவில்லை.

நாளை காலை பத்து மணிக்கு வளாகத்தில் செயல்விளக்கம்.