அப்பா எடுத்த அட்டை

வங்காளத்துப் பெஹாலாவில் நான் நான்காம் வகுப்புப் படித்த வருஷம் எங்கள் பள்ளிக்கூடத்தில் புதிதாக ஒரு பாடம் வந்தது. புதன்கிழமை கடைசிப் பீரியட். டைம்டேபிளில் அதற்கு நீளமான ஆங்கிலப் பெயர் இருந்தது. நாங்கள் வங்காள மொழியில் ‘மோன் கிளாஸ்’, அதாவது மனசு வகுப்பு, என்று சுருக்கிக்கொண்டோம்.

மிஸ் எங்களுக்கு ஆளுக்கு ஐந்து அட்டைகள் கொடுத்தார். ஒவ்வொன்றிலும் ஒரு முகம்: சந்தோஷம், வருத்தம், கோபம், பயம், வெட்கம். வீட்டில் இரண்டு பேரிடம் காட்டி, இன்றைக்கு அவர்கள் முகம் எது, ஏன் என்று கேட்டு எழுதி வர வேண்டும். ஒருவர் சொல்லி முடிக்கும்வரை மற்றவர் வாய் திறக்கக் கூடாது.

எங்கள் வீட்டில் அப்படி ஒரு விதி தேவையே இல்லை. அப்பாவும் சித்தப்பாவும் பேசிப் பதினைந்து நாளாகியிருந்தது. காலேஜ் படிக்க வந்ததிலிருந்து சித்தப்பா எங்களோடுதான் இருந்தார். ஊரின் மறுகோடியில், நியூ டவுனில் வேலை கிடைத்ததும் அங்கேயே ஒரு ஃபிளாட் பிடித்துவிட்டார். சாவி கைக்கு வந்த பிறகுதான் அப்பாவிடம் சொன்னார். அன்றிலிருந்து இருவருக்கும் நடுவில் நான்தான் தபால்காரி. “குளிச்சாச்சான்னு ஒங்க சித்தப்பாவக் கேளு,” என்பார் அப்பா. மூன்றடி தள்ளித் துண்டோடு நிற்கும் சித்தப்பா, “ஆச்சுன்னு சொல்லு,” என்பார். சொல்வேன். எனக்கு அந்த உத்தியோகம் மிகவும் பிடித்திருந்தது.

முதலில் அம்மாவிடம்தான் அட்டைகளை நீட்டினேன். “கையெல்லாம் மாவு. கூடத்துல ரெண்டு பேர் சும்மாதான உக்காந்திருக்கா, போ.”

ஹோம்வொர்க் என்றால் அப்பா மறுக்க மாட்டார். ஐந்தையும் புரட்டிப் பார்த்து வருத்த முகத்தை எடுத்தார்.

“அப்பா, இது வருத்தம். கோபம் அந்தச் சிவப்பு.”

“தெரியும்டி. எழுது. வீட்ல எல்லாருக்கும் கடைசியா எனக்குத்தான் விஷயம் தெரிஞ்சுது.”

“அண்ணா, அது வந்து...” என்றார் சித்தப்பா. நான் ஸ்கேலால் மேஜையைத் தட்டினேன்.

“அப்பா இன்னும் முடிக்கல.”

அப்பா ஃபேனைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “இவன் போயிட்டா சாயங்காலம் யாரோட மேட்ச் பாக்கறது? அவ்ளோதான்.”

சித்தப்பா பய முகத்தை எடுத்தார். “முன்னாடியே சொன்னா போகாதேன்னுடுவே. நீ சொல்லிட்டா என்னால போக முடியாதுண்ணா. அதான் பயந்தேன்.”

அப்பா, என் வழியாக இல்லாமல், நேராகவே கேட்டார்: “அந்த ஃபிளாட்ல தண்ணி ஒழுங்கா வருதாடா?”

பிறகு மூவரும் தெருமுனைக்குப் போனோம். பானிபூரி மாதிரியான புச்கா தின்றால் வயிறு கெடும் என்று என்னை அதட்டும் அப்பா, இலைக் கிண்ணத்தை நீட்டி நீட்டி, சித்தப்பாவோடு போட்டி போட்டுக்கொண்டு தின்றார். புளித்தண்ணீர் சட்டையில் வழிய இருவரும் காரணமே இல்லாமல் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தேன். பதினைந்து நாள் பேசாமலிருந்தவருக்குக் கோபம்தானே வந்திருக்க முடியும்? அப்பாவுக்கு மார்க் குறையக் கூடாதே என்று ‘வருத்தம்’ என்று எழுதியிருந்ததை ரப்பரால் அழித்து ‘கோபம்’ என்று மாற்றினேன்.

அடுத்த புதன்கிழமை மிஸ் அழித்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அப்பாவுக்கு முகங்கள் சரியாகத் தெரியவில்லை என்று விளக்கினேன். அவர் சிரித்துக்கொண்டே பென்சிலை என் கையில் கொடுத்து, அப்பா சொன்னதையே எழுதச் சொன்னார்.

எழுதினேன். ஆனாலும் அந்தப் பாடத்தை நடத்தும் மிஸ்ஸுக்கே கோபத்துக்கும் வருத்தத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லையே என்று, வீடு வரும் வழியெல்லாம் அவருக்காக இரக்கப்பட்டுக்கொண்டே வந்தேன்.