வெறுங்காலோடு ஒரு ஞானஸ்நானம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் ரங்கூனில் நடந்தது இது. என் மூத்த மகளுக்கு அப்போது ஐந்து மாதம். நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நாங்கள் லான்மடாப் பகுதியில் குடியிருந்தோம். ஞாயிறுதோறும் பள்ளிக்கூட ஹாலில் நடக்கும் தமிழ் ஆராதனைக்குப் போவோம். பாய் விரித்து உட்காரும் சபை. எனக்கு அது போதும். என் கணவருக்குப் போதவில்லை. அவர் வேலை பார்த்த கப்பல் ஆபீஸின் பெரிய துரை, மெதடிஸ்ட் பெரிய சபையில் முக்கியஸ்தர். அங்கே இங்கிலீஷ் ஆராதனைக்குப் போகிறவர்களுக்கு ஊரில் தனி மரியாதை. "நம்ம பிள்ளைக்கு ஞானஸ்நானம் அங்கேதான்" என்று ஒற்றைக்காலில் நின்று அனுமதியும் வாங்கிவிட்டார். தனக்குப் புது பூட்ஸும் வாங்கிக்கொண்டார். அந்தச் சபை வாசலில் எல்லாரும் வருக என்று பலகை வேறு வைத்திருந்தார்கள்.

படியேறும்போது வழக்கம்போலச் செருப்பைக் கழற்றிவிட்டேன். மன்னார்குடியில் பிறந்த வீட்டிலிருந்தே வந்த பழக்கம். சாமி சந்நிதிக்குள் யாராவது செருப்போடு போவார்களா? வரவேற்க நின்ற கோட்டுக்காரர் என் கணவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்புறம் என் காலைப் பார்த்தார். வெறுங்காலோடு இங்கே வருகிறவர்கள் வேலைக்காரர்கள்தான், அம்மாள் செருப்பைப் போட்டுக்கொள்ளட்டும், இல்லையென்றால் பின்னால் ஆயாக்களோடு உட்காரட்டும், பிள்ளையைத் தகப்பன் கொண்டுபோனால் போதும் என்று இங்கிலீஷில் சிரித்த முகத்தோடு சொன்னார். நான் மிஷன் பள்ளியில் படித்தவள். ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது.

புத்தர் கோயிலில் செருப்பைக் கழற்றச் சொல்கிறார்கள் என்று துரைமார் முறுக்கிக்கொண்டு, பகோடாப் பக்கமே போகாமல் இருந்த காலம் அது. அங்கே கழற்ற மாட்டார்களாம், இங்கே நான் போட்டுக்கொள்ள வேண்டுமாம். எங்கே போனாலும் அவர்கள் வைத்ததுதான் சட்டம்!

"போட்டுக்கயேன், ஒரு மணி நேரந்தானே" என்றார் கணவர், குரலைத் தாழ்த்தி.

"செருப்புக் காலோட நின்னு பிள்ளைக்கு ஆசீர்வாதம் வாங்கச் சொல்றீங்களா?" என்று கேட்டேன். அவர் பிள்ளையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு முன்னால் போய்விட்டார்.

செருப்பைப் போடாமலே நான் பின்னால் போக, கடைசி பெஞ்சில் ஒரு தமிழ் ஆயா நகர்ந்து இடம் கொடுத்தாள். "எந்தத் துரை வீட்டுல இருக்கே?" என்று கேட்டாள். அதோ முன்னால் இருப்பது என் பிள்ளை என்றேன்.

"அப்ப இங்க ஏன் குந்தியிருக்கே?"

நியாயமான கேள்வி.

பாட்டு முடிந்தது. பிள்ளையின் தாய் எங்கே என்று பாதிரியார் கேட்டார். என் கணவர் வாய் கூசாமல், அவளுக்கு உடம்பு சரியில்லை, வீட்டில் படுத்திருக்கிறாள் என்றார்.

எனக்குக் கண் மண் தெரியவில்லை. என் காலைப் பார்த்தவன் யாரோ ஒருவன். இவர் என்னைக் கட்டினவர் அல்லவா!

"நான் நல்லாத்தான் இருக்கேன், இங்கதான் இருக்கேன்!" என்று எழுந்து தமிழில் கத்தினேன். சீமாட்டிகளின் தொப்பிகளெல்லாம் ஒருசேரத் திரும்பின. நடுவழியிலிருந்த கம்பளத்தின்மேல் வெறுங்காலோடு நடந்து போய்க் கணவர் பக்கத்தில் நின்றேன். என் பின்னாலேயே வந்த கோட்டுக்காரரைப் பாதிரியார் கையமர்த்தினார். பிள்ளைக்கு என்ன பெயர் என்று என்னிடம்தான் கேட்டார். சொன்னேன். மகளின் தலையில் தண்ணீர் விழுந்தது.

வெளியே ஒருவரும் எங்களோடு பேசவில்லை. திரும்பும்போது ரிக்‌ஷாவில், "என் மானத்தை வாங்கிட்டியே" என்றார் கணவர். அவருடைய மானமாம்!

அடுத்த ஞாயிறு நான் மகளைத் தூக்கிக்கொண்டு தமிழ் ஆராதனைக்கே போனேன். அவர் பூட்ஸைத் துடைத்து மாட்டிக்கொண்டு பெரிய சபைக்குப் போனார், இன்னமும் போகிறார். அந்தக் கோட்டுக்காரரின் முகம்கூட எனக்கு மறந்துவிட்டது. ஆனால் அடுத்தவர் வீட்டில் தனக்கு ஓர் இடம் கிடைக்க வேண்டும் என்பதற்காக, கண்ணெதிரே இருந்த என்னை இல்லை என்று சொன்ன மனிதரை, இத்தனை வருஷம் அவருக்குச் சோறு போட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.