ஒரு சிட்டிகை சாம்பிராணி

ஜப்பானின் கொத்தோ தீவில் கோலா மீனைக் கீறிக் காயவைக்கும் கொட்டகையில் சுயேவுக்கு வேலை. கணவன் தொமெகிச்சி நுரையீரல் கெட்டுப் படுத்துவிட்ட பிறகு, மாலையில் வந்து அவனுக்கு நாவல் வாசிப்பாள். மாதாகோவில் அலமாரியிலிருந்து எடுத்தது. ரோமாபுரியில் ஆதிக் கிறிஸ்தவர்கள் பட்ட பாட்டைச் சொல்வது.

"மீன் குடலை உருவற வேகத்துல வாசிக்காதடி. சிங்கம் வர்ற எடம்."

"அதுக்குப் பசிக்குதுங்க, நான் என்ன பண்ண?"

கிறிஸ்புஸ் என்பவன் கதையில் வந்ததும் அந்தச் சிரிப்பு நின்றது. உயிருக்குப் பயந்து கிறிஸ்துவை மறுதலித்து, சீசர் சிலைமுன் ஒரு சிட்டிகை சாம்பிராணி போட்டவன் அவன். பிறகு அவனைச் சபையார் கோவிலுக்குள் விடவில்லை.

தொமெகிச்சியை யாரும் தடுக்கவில்லை, தானே ஒதுங்கினான். யுத்த காலத்தில் படகுத்துறையில் ஊரார் முன்னால் ராணுவப் போலீஸ்காரன் கேட்டான்: "சக்கரவர்த்தி பெரியவரா, உங்க கிறிஸ்து பெரியவரா?" தொமெகிச்சி சக்கரவர்த்தி என்றான். பக்கத்தில் நின்ற கூட்டாளி இவாஸோவும் அதையே சொன்னான். முப்பது வருஷமாக இருவரும் பூசையில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, சாமியார் நாவில் வைக்கும் நன்மை அப்பத்தை வாங்காமல் எழுந்து போனார்கள். பாவசங்கீர்த்தனம் செய்யச் சொன்னால், "ஊருக்கே தெரிஞ்சதைச் சாமியார் காதுல வேற சொல்லணுமா?" என்பான் தொமெகிச்சி.

கடைசி அத்தியாயத்தைச் சுயே கொட்டகையிலேயே படித்துவிட்டிருந்தாள். கிறிஸ்புஸ் மூடிய கதவுக்கு வெளியே, மழையில் செத்துப்போகிறான். அன்று மாலை அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே, "ஆயர் கதவைத் திறந்து, உள்ளே வா மகனே என்றார்" என்று வாசித்தாள். குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை. பிறகு அதுதான் அவளை உறுத்தியது.

தொமெகிச்சி போர்வையை விலக்கி எழுந்து உட்காரப் பார்த்தான். "சாமியாரக் கூப்பிடு."

சாமியார் வந்து பாவசங்கீர்த்தனம் கேட்டு நன்மை கொடுத்தார். அவன் குழந்தைபோல வாய் திறந்ததைப் பார்க்க மாட்டாமல் சுயே அடுப்படிக்குப் போய்விட்டாள். அவனுக்காக எதையோ திருடிக் கொடுத்ததுபோல இருந்தது.

மறுநாள் இவாஸோ வந்தான். தொமெகிச்சி நாவலை அவன் கையில் திணித்தான்.

"கடைசிப் பக்கத்தப் படிடா. நம்மள மாதிரி ஒருத்தன அந்தக் காலத்துலயே சேத்துக்கிட்டாங்க."

"நெசமாவா?"

"சுயே வாசிச்சா. ஒரு மீனக்கூடக் கூட்டிச் சொல்லத் தெரியாதவ."

புத்தகத்தோடு வீட்டுக்குக் கிளம்பிய இவாஸோவைச் சுயே சரிவில் ஓடி மறித்தாள்.

"அண்ணே, அதுல அப்படி இல்ல. நானாத்தான் சொன்னேன்."

"பின்ன?"

"வெளியிலயே செத்துப்போறான்."

இவாஸோ புத்தகத்தையே பார்த்தான். "அவன்கிட்டச் சொல்லிட்டியா?"

"இல்லண்ணே."

"சொல்லாத." புத்தகத்தை அவள் கையில் கொடுத்தான். "எனக்கும் சொல்லாம இருந்திருக்கலாம், தங்கச்சி."

ஞாயிற்றுக்கிழமை பூசை நடுவில் சுயே திரும்பிப் பார்த்தாள். கடைசி வரிசையிலும் இவாஸோ இல்லை.