அக்காவின் இரண்டு வெடிப்புகள்

அக்காவின் கணினித் திரையில் ஒரு விண்மீன் வெடிக்க மறுத்துக்கொண்டிருந்ததுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. சிங்கப்பூரில், எங்கள் புக்கிட் மேரா அடுக்குமாடி வீட்டின் சாப்பாட்டு மேசையில், அம்மா வெங்காயம் நறுக்கும் இடம் போக மீதியெல்லாம் அக்காவின் ஆராய்ச்சிக்கு. சூரியனைப் போன்ற விண்மீன் எரிந்து முடிந்தபின் எஞ்சும், பூமியளவே உள்ள கனமான உள்ளகத்தை வெண்குறுமீன் என்பார்கள். பக்கத்து விண்மீனிடமிருந்து வாயுவை இழுத்து இழுத்து, தாங்கக்கூடிய எடையின் எல்லையைத் தொட்டதும் அது வெடிக்கும் என்றே பலரும் நம்பினார்கள். "எல்லை வரைக்கும் போகவே வேணாம்டி," என்பாள் அக்கா. "மேல படிஞ்ச ஹீலியம் முதல்ல வெடிக்கும். அந்த அதிர்ச்சி உள்ள போய் நடுவைப் பத்த வைக்கும். ரெண்டு வெடிப்பு லா!" ஆனால் அவள் கணக்கில் மேல்படலம் மட்டும் வெடித்தது, உள்ளகம் பற்றவேயில்லை.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த ஆண்டு அது. மருத்துவமனையிலிருந்து களைத்துத் திரும்பிய ஒரு மாலை, அவள் திரைமுன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் கத்திவிட்டேன். "செத்துப்போன நட்சத்திரம் எப்படி வெடிச்சா உனக்கென்னக்கா? உயிரோட இருக்கிற அப்பாவைப் பாரு!"

அவள் கணினியை மூடினாள். அடுத்த மாதமே ஆராய்ச்சியை விட்டுப் பள்ளி ஆசிரியை ஆனாள். அப்பாவை என்னைவிடப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டதும் அவள்தான். அவர் போனபின் ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்குக் குடிபெயர்ந்தாள். தீபாவளிக்கு மட்டும் பேசிக்கொள்வோம். விண்மீன்களைப் பற்றி இருவரும் வாயே திறந்ததில்லை. புக்கிட் மேரா வீட்டில் இன்று வேறு யாரோ இருக்கிறார்கள். பேருந்து அவ்வழி போகும்போதெல்லாம் நான் ஏழாம் மாடியை நிமிர்ந்து பார்க்கிறேன்.

அண்மையில் தேக்கா சந்தையில், மீன்காரர் செதில் நீக்கும்வரை காத்திருந்தபோது கைப்பேசியில் ஒரு படம் கண்டேன். நூற்றாண்டுகளுக்கு முன் வெடித்த வெண்குறுமீனின் மிச்சம். அதில் கால்சியம் இரண்டு தனித்தனி ஓடுகளாக விரிந்திருந்தது. இருமுறை வெடித்ததன் தடயமாம். எல்லாமே அப்படித்தான் வெடிக்கும் என்றில்லை. இந்த ஒன்றாவது அப்படி வெடித்திருந்தது. வெளியே ஓடிவந்து அக்காவை அழைத்தேன்.

"அக்கா, ஒரு படம் வந்திருக்கு..."

"பார்த்துட்டேன். மூணு நாளாச்சு." என்றாள். "நீ கூப்பிடுவேன்னு உக்காந்திருந்தேன்."

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. "எனக்கு எல்லாம் மறந்துபோச்சுக்கா. முதல்லேருந்து சொல்லேன்," என்றேன்.

எனக்கு எதுவுமே மறக்கவில்லை. அது அவளுக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் தொண்டையைச் செருமிக்கொண்டு, முதலிலிருந்து தொடங்கினாள்.